நெப்போலியன் ஊரில் எட்டு ராத்திரி

அம்மாவுக்கு போன் போட்டு, செயின்ட் ஹெலினாவுக்குப் போகப்போகிறேன் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் சிரித்தாள்.

“ஏண்டா, நெப்போலியனைக் கொண்டுபோய்த் தள்ளின இடத்துக்கு நீ காசு கொடுத்துப் போறியா?”

அம்மா முப்பது வருஷம் சரித்திர டீச்சர். அவளுக்கு செயின்ட் ஹெலினா என்பது ஒரு மார்க் கேள்வி. ‘நெப்போலியன் எந்தத் தீவில் இறந்தான்?’ பின்வரிசைப் பையன்கூடத் தப்பில்லாமல் எழுதிவிடும் கேள்வி. ஆனால் அந்தத் தீவு எங்கே இருக்கிறது என்று எந்தப் பையனும் கேட்டதில்லையாம், அவளும் சொன்னதில்லையாம். “மேப்பில் ஒரு புள்ளி. சாக்பீஸ் முனை அதைவிடப் பெரிசு” என்றாள்.

நான் அப்போது ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு ப்ராஜெக்டில் இருந்தேன். பக்கத்து மேஜைக்காரர் ஓர் ஆப்பிரிக்கானர், அதாவது தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர் வழிவந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா அந்த டச்சு வழி விவசாயிகள் (போயர்கள்) பிரிட்டனோடு போட்ட போயர் போரில் பிரிட்டிஷ்காரனிடம் பிடிபட்டு, கைதியாகக் கப்பலேறி செயின்ட் ஹெலினாவில் இரண்டு வருஷம் கூடாரத்தில் கிடந்தவர். 1900 முதல் 1902 வரை அப்படி ஏறக்குறைய ஆறாயிரம் போயர்களை அந்தத் தீவில் வைத்திருந்தார்கள். “எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் போய்ப் பார்க்கவில்லை. முன்பு கப்பலில் போக வேண்டும், கேப் டவுனிலிருந்து ஐந்து நாள். இப்போது விமானமே போகிறது, ஆனால் எனக்கு முதுகு சரியில்லை. நீ போய் ஒரு போட்டோ எடுத்து வா” என்றார். அடுத்தவர் கொள்ளுத்தாத்தாவுக்காக விடுப்பு எடுத்தவன் நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

இது 2019 பிப்ரவரியில். அப்போது விமானம் வாரத்துக்கு ஒன்று, சனிக்கிழமை மட்டும். நூறு பேர் உட்காரக்கூடிய விமானத்தில் எடைக் கணக்குக்காக 76 பேரைத்தான் ஏற்றுவார்கள். நமீபியாவில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டு, அப்புறம் அட்லாண்டிக்குக்கு மேலே மணிக்கணக்கில் பறக்க வேண்டும். கீழே தண்ணீர். அதைத் தவிர ஒன்றுமில்லை. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறக்குறைய 1,950 கிலோமீட்டர். பக்கத்துத் தீவு என்று சொல்லப்படும் அசென்ஷனே 1,300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. என் பக்கத்து இருக்கையில் ஓர் அம்மாள், மடியில் இரண்டு பெரிய பை. ஒன்றில் பேரனுக்குச் சைக்கிள் சீட்டு, இன்னொன்றில் பல்செட்டு வேலைக்கான ஏதோ சாமான். ஆஸ்பத்திரிக்காகத் தென்னாப்பிரிக்கா வந்துவிட்டு ஊர் திரும்புகிறாராம்.

தீவு தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இணையத்தில் பார்த்ததெல்லாம் பச்சை. எதிரே வந்ததோ கருத்துக் காய்ந்த பாறைச் சுவர், கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நின்றது. பச்சையெல்லாம் உள்ளே, மேட்டில். வெளியிலிருந்து வருகிறவனுக்கு அது தன் முதுகைத்தான் முதலில் காட்டும்.

இறங்குவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஓடுபாதையின் ஒரு முனை முந்நூறு மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையின் விளிம்பில் இருக்கிறது. கடல் காற்று அந்தச் சுவரில் மோதி மேலே ஏறிச் சுழலும். ஒரு நொடி எதிர்க்காற்று, மறு நொடி இறக்கையைக் கீழே தள்ளும் காற்று. 28.5 கோடி பவுண்டு செலவில், ஒரு பள்ளத்தாக்கையே கல்லும் மண்ணும் போட்டு நிரப்பிக் கட்டிய விமான நிலையம் இது. 2016 மே மாதம் திறப்பு விழா என்று நாள் குறித்தார்கள். அதற்கு முந்தைய மாதம் ஒரு பெரிய விமானத்தைச் சோதனைக்கு ஓட்டிப் பார்த்தபோதுதான் காற்றின் குணம் தெரிந்தது. விழாவைத் தள்ளிவைத்தார்கள். லண்டன் பத்திரிகைகள் ‘உலகிலேயே உதவாத விமான நிலையம்’ என்று எழுதித் தீர்த்தன. கடைசியில் சின்ன விமானமாகப் பிடித்து, 2017 அக்டோபர் 14ஆம் தேதி முதல் பயணிகள் விமானம் இறங்கியது. எங்கள் விமானமும் ஒரு குலுக்கு குலுக்கியது. பக்கத்து அம்மாள் கண்ணை மூடிக்கொண்டு பல்செட்டுப் பையை இறுக்கிப் பிடித்தார். சக்கரம் தரையில் பட்டதும் எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன்.

ஜேம்ஸ்டவுன் என்பது தலைநகரம். இரண்டு மலைச் சுவர்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் பள்ளத்தாக்கு, அதன் அடியில் ஒரு பெரிய தெரு, அது மேலே போகப் போக இரண்டாகப் பிரியும். அவ்வளவுதான். பாறை உருண்டு வீட்டுக்கூரையில் விழாமல் இருக்க மலைச் சரிவில் கம்பிவலை போர்த்தியிருக்கிறார்கள். வீடுகள் எல்லாம் கம்பெனிக் காலத்து ஜன்னலும் கதவுமாக இருக்கின்றன. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் பழைய கட்டடங்களைப் பார்த்தவர்களுக்குச் சட்டென்று அடையாளம் தெரியும்.

நான் தங்கியது ஒரு வீட்டு மாடியில். கீழே வீட்டுக்கார அம்மாள் தனியாக இருந்தார், எழுபதைத் தொட்ட வயது. அவரே சமையல், அவரே வரவேற்பு. மறுநாள் காலை என்னைச் சுற்றிக் காட்ட அவருடைய தம்பி காருடன் வந்தார். இருபது வருஷம் அசென்ஷன் தீவில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவர். தீவில் கல்யாண வயது வந்தவர்களில் பலர் அசென்ஷன், ஃபாக்லாந்து, இங்கிலாந்து என்று சம்பாதிக்கப் போய்விடுகிறார்கள். மொத்த ஜனமே நாலாயிரத்துச் சொச்சம். இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் பக்கத்து வளைகுடா வீடுகள்தான் நினைவுக்கு வந்தன: கிழவர்களும் குழந்தைகளும், வெளிநாட்டுப் பணத்தில் போட்ட புது டைல்ஸும்.

தம்பி ஓட்டியபடியே இடது கையைத் தூக்கி எதிரில் வருகிற ஒவ்வொரு காருக்கும் ஆட்டினார். முதலில் தெரிந்தவர்கள் போல என்று நினைத்தேன். ஒன்பதாவது, பத்தாவது காருக்கும் ஆட்டியபோது கேட்டேன். “எல்லாரையும் தெரியுமா?”

“தெரியாதவங்களுக்கும் காட்டணும்” என்றார். “காட்டலைன்னா, வீட்டில் ஏதோ பிரச்சினைன்னு சாயங்காலம் விசாரிக்க வந்துடுவாங்க.”

இரண்டு நாளில் எனக்கும் பழகிவிட்டது. ஜோஹன்னஸ்பர்க் திரும்பிய பிறகு ஒரு சிக்னலில் பக்கத்துக் காருக்குக் கை காட்டி, அவர் ஜன்னலை ஏற்றிக்கொண்டது தனிக் கதை.

போனில் சிக்னல் இல்லை. என் சிம் அங்கே வேலை செய்யாது. அந்தத் தீவுக்குச் செல்போனே 2015இல்தான் வந்தது. முழுத் தீவின் இணையமும் அப்போது சாட்டிலைட் வழியாகத்தான், மணிக்கணக்கில் காசு. (கடலடிக் கேபிள் அப்புறம் 2023இல் உயிர் பெற்றது என்று படித்தேன்.) ஏடிஎம் கிடையாது. தீவுக்கென்று தனிப் பவுண்டு நோட்டு, பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சரிசமம், ஆனால் இந்தத் தீவையும் அசென்ஷனையும் தாண்டினால் வெறும் காகிதம். கடையில் உருளைக்கிழங்கு இல்லை. “கப்பல் செவ்வாய்க்கிழமை” என்றாள் கடைப்பெண், நாம் ‘கரண்ட் ஆறு மணிக்கு வரும்’ என்று சொல்கிற அதே தொனியில்.

உலகத்தின் ஒதுக்குப்புறம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று முதல் நாள் ராத்திரி டைரியில் எழுதினேன். இரண்டாம் நாளே அதை அடிக்க வேண்டியதாயிற்று.

துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன மியூசியத்தில் கம்பெனிக் கப்பல்களின் வரைபடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மெட்ராஸிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் லண்டனுக்குத் திரும்புகிற கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியதும், பள்ளிக்கூடத்தில் படித்தோமே வியாபாரக் காற்று என்று, அந்தத் தென்கிழக்குக் காற்று பாயைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்து நேரே இந்தத் தீவின் வாசலில் விடும். பாய்மரக் கப்பலுக்கு இது ஒதுக்குப்புறமே இல்லை, நெடுஞ்சாலையோரத்துச் சாப்பாட்டுக் கடை. மாசக்கணக்கில் உப்புக்கண்டம் தின்று ஈறு வீங்கி வந்தவர்களுக்கு இங்கே நல்ல தண்ணீர், கீரை, பழம், இறைச்சி கிடைத்தன. 1502இல் போர்ச்சுக்கீசியர் கண்ட தீவு. கிழக்கிந்தியக் கம்பெனி 1659இல் வந்து கோட்டை கட்டி உட்கார்ந்துகொண்டது, அதாவது மெட்ராஸில் கோட்டைக்கு அடிக்கல் போட்டு இருபது வருஷத்துக்குள். ஒரே முதலாளி, ஒரே கணக்குப் புத்தகம். மெட்ராஸில் ஏற்றிய துணிமூட்டை இந்தத் தீவைப் பார்த்துவிட்டுத்தான் லண்டன் போயிருக்கும். போர்க்காலத்தில் துணைக் கப்பல் வரும்வரை இங்கேயே வாரக்கணக்கில் காத்துக் கிடப்பார்களாம்.

1855இல் இங்கே வந்து போன கப்பல்கள் 1,100. ஒரு நாளைக்கு மூன்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தார்கள். நீராவிக் கப்பல் வேறு வந்துவிட்டது, அதற்குக் காற்றும் வேண்டாம், முனையும் வேண்டாம். 1889இல் வந்த கப்பல்கள் 288. தீவு இருந்த இடத்திலிருந்து ஓர் அங்குலம் நகரவில்லை. சாலைதான் எழுந்து வேறு பக்கம் போய்விட்டது. நான்குவழிச் சாலை போட்டதும் வெறிச்சோடிப்போன பழைய ஜி.எஸ்.டி. ரோட்டு ஊர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அந்த டீக்கடைகள்கூட அப்படியேதான் இருக்கும், பெஞ்சு, கண்ணாடி டம்ளர், போர்டு எல்லாம். பஸ் மட்டும் நிற்காது.

அந்த ஒரு எண்ணம் மனதில் விழுந்ததும் மிச்ச நாளெல்லாம் பார்த்தது வேறு மாதிரி ஆகிவிட்டது.

ஜேக்கப் ஏணியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ்டவுனிலிருந்து மலை உச்சியில் உள்ள கோட்டைக்கு நேராக ஏறும் 699 படி. ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 28 சென்டிமீட்டர் உயரம், நம் வீட்டு மாடிப்படியைவிட ஒன்றரை மடங்கு. 1829இல் கட்டியபோது இது ஏணியே அல்ல, சாய்வான தண்டவாளம். மேலே கழுதைகள் சுற்றும் செக்கு மாதிரி ஒரு இயந்திரம், கீழேயிருந்து எருவை மேலே இழுக்க, மேலே விளைந்ததைக் கீழே இறக்க. கப்பல் அவ்வளவு வந்தது, அவ்வளவு காய்கறி தேவைப்பட்டது, அதற்கு அவ்வளவு எரு. கப்பல் குறைந்தபின் 1871இல் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள், படி மட்டும் மிச்சம். ஊர்ப் பையன்கள் ஒரு பக்கக் கைப்பிடிக் கம்பியில் தோளும் மறு பக்கக் கம்பியில் காலுமாக மல்லாந்து படுத்து அந்தரத்தில் வழுக்கிக்கொண்டு வருவார்களாம். தம்பியும் சின்ன வயதில் செய்திருக்கிறார். நான் இருநூறாவது படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன், நானூறில் ஏன் பிறந்தோம் என்று யோசித்தேன், மேலே போய்ச் சேர்ந்தபோது முழங்கால் தனியே ஆடியது. இறங்குவதற்குத் தம்பி காரை மேலே கொண்டுவந்து வைத்திருந்தார். புண்ணியவான்.

நெப்போலியனைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். 1815 அக்டோபரில் வந்தான், 1821 மே 5ஆம் தேதி செத்தான். ஏன் இங்கே கொண்டுவந்தார்கள் என்பதற்கும் அதே நெடுஞ்சாலைதான் காரணம். ஆளில்லாத தீவில் விட்டால் யாராவது கப்பலில் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். இதுவோ கம்பெனியின் காவல் உள்ள ஊர், நாள்தோறும் கப்பல் வரும், செய்தி போகும். அவனை அடைத்துவைத்த லாங்வுட் வீடு மேட்டில் ஈரத்திலும் மூடுபனியிலும் நனைந்துகொண்டே இருக்கிறது. 1858இல் பிரெஞ்சு அரசு அதை வாங்கிவிட்டது, இன்றைக்கும் பிரெஞ்சுக் கொடிதான் பறக்கிறது. பில்லியர்ட்ஸ் அறை ஜன்னல் கதவில் இரண்டு ஓட்டை. அவன் தொலைநோக்கியை அதில் வைத்து வெளியே காவல்காரர்களைப் பார்த்துக்கொண்டிருப்பானாம். நான் குனிந்து ஒரு கண்ணை வைத்தேன். எதிரே புல்வெளி, இரண்டு வாடகைக் கார், ஐஸ்கிரீம் சாப்பிடும் குழந்தை. ஒரு காலத்தில் ஐரோப்பாவையே பார்த்த கண் இவ்வளவு சின்ன வட்டத்தில் அடங்கியதா என்று கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. தோட்டத்தில் அவன் தோண்டவைத்த பள்ளமான நடைபாதை இருக்கிறது, நடக்கும்போது சிப்பாய்களுக்குத் தன் தலை தெரியக் கூடாது என்று.

அம்மாவுக்குச் சொல்வதற்கென்றே ஒன்று கிடைத்தது. லாங்வுட் வீடு தயாராகும்வரை நெப்போலியன் தங்கியது பிரையர்ஸ் என்ற தோட்டத்தில். பத்து வருஷம் முன்னால், 1805இல், இந்தியாவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் அதே பிரையர்ஸில் தங்கியவர் ஆர்தர் வெல்லெஸ்லி. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவை முடித்த படையில் இருந்தவர், பின்னால் வாட்டர்லூவில் நெப்போலியனை முடித்தவர். வழிப்போக்கர்கள் மாறி மாறிப் படுக்கும் சத்திரம் மாதிரி.

கல்லறை ஒரு பூப்பள்ளத்தாக்கில். மேலே ஒரு கல், அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் ‘நெப்போலியன்’ என்று மட்டும் போட வேண்டும் என்றார்கள். அது பேரரசர்களுக்கான முறை. ஆங்கிலேய கவர்னர் ‘நெப்போலியன் போனபார்ட்’ என்று போட்டால்தான் ஆச்சு என்றார். சண்டை தீரவில்லை, கல்லை வெறுமனே வைத்துவிட்டார்கள். 1840இல் உடலையும் பாரிஸுக்கு எடுத்துப் போயாயிற்று. ஆக, பெயரும் இல்லாமல் ஆளும் இல்லாமல் வேலி போட்ட ஒரு குழி. அதை நான் ஐந்து நிமிடம் மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ரூபர்ட் பள்ளத்தாக்குக்கு நான் கேட்டுத்தான் தம்பி கூட்டிப்போனார். அவராகச் சொல்லவில்லை. ஜேம்ஸ்டவுனுக்கு அடுத்த பள்ளம்தான், நடுவில் ஒரு மலை முதுகு. மரம் இல்லை. எண்ணெய்த் தொட்டிகள், கிடங்குகள், ஒரு சின்னத் துறை, கொதிக்கிற கல். 1840 முதல் பிரிட்டிஷ் கடற்படை ஆப்பிரிக்கக் கரையோரம் அடிமைக் கப்பல்களைப் பிடித்து, அதில் இருந்தவர்களை இந்தத் தீவில் கொண்டுவந்து இறக்கியது. இருபத்தைந்தாயிரம் பேருக்கு மேல். ‘விடுவிக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள்’ என்று ஆவணத்தில் பெயர். விடுவித்துக் கரையில் இறக்கும்போதே பாதி உயிர்தான் இருந்தது: வயிற்றுப்போக்கு, பெரியம்மை, கப்பல் தளத்தடியில் நெருக்கி அடைத்துக் கொண்டுவந்ததன் மிச்சம். இந்தப் பள்ளத்தில் புதைத்தவர்கள் ஏறக்குறைய எட்டாயிரம் பேர். பிழைத்தவர்களில் பெரும்பாலானோரை மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கேப்புக்கும் கூலி வேலைக்கு ஏற்றி அனுப்பினார்கள்.

விமான நிலையத்துக்குச் சாமான் கொண்டுபோகச் சாலை போட வேண்டியிருந்தது. அது இந்தப் பள்ளத்தின் வழியாகத்தான் போகும். 2008இல் தொல்லியலாளர்கள் தோண்டினார்கள். சாலை போகும் அகலத்தில் மட்டும் 325 உடல்கள். பெரும்பாலும் சிறுவர், சிறுமியர், இருபதைத் தாண்டாதவர்கள். சிலரோடு பாசிமணி இருந்தது. யாரோ அவ்வளவு தூரம் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள், பறித்துக்கொள்ளாமல் விட்டிருக்கிறார்கள்.

நான் போனபோது அந்த எலும்புகள் ஜேம்ஸ்டவுனில் ஒரு கிடங்கில் பெட்டிகளில் இருந்தன. பத்து வருஷமாக. தம்பி காரை நிறுத்தினார், இறங்கவில்லை. “நாங்க எல்லாருமே கலப்புதான்” என்றார். “மடகாஸ்கர் அடிமை, மெட்ராஸ் அடிமை, சீனக் கூலி, வெள்ளைக்காரச் சிப்பாய். இங்கே கீழே இருக்கறதிலே யாரு எனக்குச் சொந்தம்னு எனக்கு எப்படித் தெரியும்?” மெட்ராஸ் என்று அவர் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. உண்மைதான், கம்பெனி இந்தியாவிலிருந்தும் அடிமைகளை இங்கே கொண்டுவந்தது. துணிமூட்டை வந்த அதே வழியில்தான் அவர்களும் வந்திருக்க வேண்டும். மியூசியத்தில் நின்று நெடுஞ்சாலை, சாப்பாட்டுக் கடை என்று உற்சாகமாக யோசித்தபோது இந்தப் பயணிகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

2022இல் அந்த 325 பேரையும் அதே பள்ளத்தாக்கில் மறுபடி அடக்கம் செய்தார்கள்.

போயர் போட்டோ கடமையை ஒரு பிற்பகலில் முடித்தேன். கைதிகள் கூடாரம் போட்டிருந்த டெட்வுட் சமவெளி இப்போது மாடு மேயும் புல்தரை, நடுவில் காற்றாலைகள். அங்கேதான் ஒயர்பேர்டைப் பார்த்தேன். இந்தத் தீவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை. நம் ஊர் உப்புக்கொத்திக்குப் பங்காளி: அதே மாதிரி நாலடி ஓடி, டக்கென்று நின்று, ஒன்றும் தெரியாதது போல வேறு பக்கம் பார்க்கும். கால் மட்டும் பெயருக்கேற்றபடி கம்பி.

ஜொனாத்தனைப் பார்க்காமல் வந்தால் தீவு மன்னிக்காது. கவர்னர் மாளிகைப் புல்வெளியில் வாழும் பெரிய ஆமை, சேஷெல்ஸ் தீவிலிருந்து 1882இல் வந்தது. வரும்போதே முழு வளர்ச்சி, ஆகவே குறைந்தது 1832இல் பிறந்திருக்கும் என்று கணக்கு. கண்புரையால் பார்வை போய்விட்டது, மோப்பமும் இல்லை, கையால்தான் ஊட்டுகிறார்கள். காது நன்றாகக் கேட்கிறது. நான் போனபோது தூங்கிக்கொண்டிருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் பத்துப் பேர் மூச்சுவிடாமல் நின்று ஓர் ஆமை தூங்குவதைப் பார்த்தோம். கோயிலில் திரை விலகக் காத்திருக்கிற மாதிரி. கால் மணி கழித்துத் தலையை வெளியே நீட்டியது, கழுத்து மடிப்பெல்லாம் என் பாட்டி கழுத்து. ஒருமுறை கொட்டாவி விட்டுத் திரும்பவும் உள்ளே இழுத்துக்கொண்டது. தீவின் ஐந்து பென்ஸ் காசில் அதன் உருவம்தான்.

டயானா சிகரத்துக்குப் போகும் வழியெல்லாம் தாழைபோல நீள இலைச் செடி, மலை மலையாக. அழகு என்று போட்டோ எடுத்தேன். தம்பி முகத்தைச் சுளித்தார். நியூசிலாந்து ஃபிளாக்ஸ் அது. அதன் நாரில் கயிறு திரித்து இங்கிலாந்து தபால் இலாகாவுக்கு மூட்டை கட்டக் கொடுத்தார்கள், அரை நூற்றாண்டுக்கு மேல் தீவுக்கு அதுதான் சோறு. தபால் இலாகா செயற்கை நூலுக்கு மாறியதும் 1966இல் கடைசி ஆலையும் மூடியது. கயிறு போயிற்று, செடி போகவில்லை. சொந்தக் காட்டை அழித்து அதை நட்டிருந்தார்கள், இப்போது அதைப் பிடுங்கிச் சொந்தக் காட்டை நடுகிறார்கள். அழிந்தே போய்விட்டது என்று நினைத்த தீவின் எபனி மரத்தை 1980இல் ஜார்ஜ் பெஞ்சமின் என்ற உள்ளூர்க்காரர் ஒரு செங்குத்துப் பாறையில் கண்டுபிடித்தார். இரண்டே இரண்டு செடி. அதிலிருந்து கயிற்றில் தொங்கி வெட்டிவந்த துண்டுகளின் சந்ததிதான் இன்று ஊரெங்கும் வெள்ளைப் பூவாகப் பூக்கிறது. சிகரத்தில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, ஒரே மேகம். 1677இல் வானியல் அறிஞர் ஹேலி (வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்தவர்) வானம் பார்க்க இங்கே வந்து மேகத்தால் தவித்தார் என்பதைப் படித்தபின் மனசு கொஞ்சம் ஆறியது.

வெள்ளிக்கிழமை ராத்திரி வீட்டுக்கார அம்மாள் ‘ப்ளோ’ செய்கிறேன் என்றார். பெயரைக் கேட்டபோது ஒன்றும் தோன்றவில்லை, சமையலறையில் போய் நின்றதும் புரிந்துவிட்டது. அடிகனமான பாத்திரத்தில் வெங்காயம், பன்றிக்கறித் துண்டு, அப்புறம் கறிமசாலாத் தூள், பூசணி, முட்டைக்கோஸ், கடைசியில் அரிசியும் தண்ணீரும் ஒன்றாக. மூடிவைத்து அடங்கவிட வேண்டும். புலாவ்! “எங்க ஊர்லயும் இதுதான்” என்றேன். “இது செயின்ட் ஹெலினா சாப்பாடு” என்றார் அவர் கண்டிப்பாக. சரி என்று ஒத்துக்கொண்டேன். இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டபோது பாத்திர அடியில் ஒட்டிய காந்தலைச் சுரண்டி என் தட்டில் வைத்தார், நம் வீடுகளில் செல்லப்பிள்ளைக்கு வைப்பது போலவே.

சனிக்கிழமை மூடுபனி. விமானம் வந்தது, சத்தம் மேகத்துக்கு மேலே ஒரு சுற்று கேட்டது, இன்னொரு சுற்று கேட்டது, அப்புறம் தேய்ந்துகொண்டே போய் நின்றுவிட்டது. நமீபியாவுக்கே திரும்பிவிட்டதாம். எனக்குத் திங்கட்கிழமை ஒரு மீட்டிங். பதற்றத்தில் நான் கவுன்ட்டருக்கு ஓடினேன். வேறு யாரும் ஓடவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் கை காட்டிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். வீட்டுக்கார அம்மாள் உருவிப் போட்ட விரிப்பைத் திரும்ப விரித்துக்கொண்டிருந்தார். “சத்தம் திரும்பிப் போனது கேட்டது. மத்தியானத்துக்கு மிச்ச ப்ளோ இருக்கு” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில். விமானம் ஏறி ஒரே நிமிடத்தில் தீவு இறக்கைக்குப் பின்னால் போய்விட்டது. பையில் அம்மாவுக்காக ஐந்து பென்ஸ் காசு, மாற்ற மறந்த இருபது பவுண்டு தீவு நோட்டு. ஜன்னலோரம் கேட்டு வாங்கி உட்கார்ந்திருந்தேன். நல்ல வெளிச்சம், மேகமும் அதிகம் இல்லை. ஒரு காலத்தில் வருஷத்துக்கு 1,100 கப்பல் வந்த கடல்தானே, நமீபியாக் கரை வரும்வரை எண்ணுவோம் என்று எண்ணத் தொடங்கினேன்.

ஒன்று பார்த்தேன். அதுவும் மேகத்தின் நிழலாக இருந்திருக்கலாம்.